இரண்டு பேர் படுக்கலாம்

இரண்டு பேர் படுக்கலாம் என்று கூடாரத்தின் உறைமேல் அச்சிட்டிருக்கிறார்கள், எந்த இரண்டு பேர் என்று சொல்லவில்லை. மாமனார், மாப்பிள்ளை என்று ஒரு சோடி உலகத்தில் உண்டென்பதே கூடாரம் தைக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. உறையில் உள்ள படத்தில் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் கூடாரத்தின் வாயிலிருந்து தலையை நீட்டிச் சிரிக்கிறார்கள், பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் உடும்புகள் மாதிரி. நாளைச் சாயங்காலம் கரூரைத் தாண்டி எங்கேயோ ஒரு புளியமரத்தடியில் இதே வாயிலிருந்து நான் தலையை நீட்டுவேன், பக்கத்தில் லோகேந்திரன் நீட்டுவான், இரண்டு பேரும் சிரிக்க மாட்டோம். லோகேந்திரன் என் மகளின் கணவன். உலகத்துக்கே இந்திரன் என்று பெயர் வைத்துவிட்டு அவனைப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இந்திரன் ஆள்வதென்னவோ தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு, அதிலும் நான்கு மாதமாக இந்திராணி இல்லை. இந்திராணி இதோ இந்தக் கூடத்தை ஒட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுப் படுத்திருக்கிறாள். ஒரு பையோடும் தன் தலையணையோடும் வந்தாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சீக்கிரம் திரும்பிப் போகிறவர்கள் இல்லை என்று எனக்கு அன்றைக்கே பட்டது. என் மனைவி கனகவல்லியிடம் சொன்னேன். “தலகாணிய ஆராய்ச்சி பண்ணாம போய் தயிர் வாங்கிட்டு வாங்க” என்றாள். “எதுவும் கேக்காதீங்க, அவளா சொல்லுவா” என்றும் சொன்னாள். அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, தயிர் மட்டும் தினமும் வாங்குகிறேன்.

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு இப்போது ஓர் ஆங்கிலப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்ததும் விலையும் வந்துவிட்டது. சட்டத்துக்கு நடுவில் செருகும் முக்கோணப் பை, சீட்டுக்குப் பின்னால் வாத்தின் பின்பக்கம் போல நீட்டிக்கொண்டிருக்கும் பை, கைப்பிடிக்கு முன்னால் சுருட்டிக் கட்டும் பை, எல்லாம் கூடத்துத் தரையில் வாயைப் பிளந்து கிடக்கின்றன. புதுத் துணியின் ரப்பர் வாடையும் செயின் எண்ணெய் வாடையும் சேர்ந்து வீடு ஒரு சைக்கிள் கடையின் பின்கட்டு மாதிரி நாறுகிறது. காலமெல்லாம் கல்லூரி நூலகனாக இருந்தவன் நான், எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதற்கே சம்பளம் வாங்கியவன். அடிக்கடி கேட்கப்படுவது கைக்கெட்டும் உயரத்தில், யாரும் கேட்காதது அடித்தட்டில். புத்தகத்துக்கும் பைக்கும் இதில் வித்தியாசம் இல்லை. திருச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை, அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே வடக்கே, கொங்கணத்தில் ஆறுகள் கடலில் சேரும் இடங்களை ஜங்காரில், அதாவது லாரியையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டைப் படகில் கடந்து, கடைசியில் கட்ச் உப்புவெளி. இரண்டு வருஷத்துக்கு முன்பே போட்ட திட்டம். போட்டபோது மகள் நப்பின்னை அவனோடு இருந்தாள், “ரெண்டு பேரும் போய்த் தொலைங்க, வீடு கொஞ்ச நாள் அமைதியா இருக்கும்” என்று சிரித்தாள். எங்கள் மூவரில் நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான், கல்யாணத்துக்கு முன்னால் தனியாகத் தனுஷ்கோடி வரை போய் வந்தவள். அவள் சைக்கிள் தஞ்சாவூரில் அவன் வீட்டு பால்கனியில் நிற்கிறது, தலையணைக்கு இடமிருந்த ஆட்டோவில் சைக்கிளுக்கு இடமிருக்கவில்லை. கல்லூரியில் படித்தபோது என் சைக்கிளைத்தான் எடுத்துப்போவாள். பதினாறு வயதிலேயே என்னைவிட உயரம். சீட்டை உயர்த்திக்கொண்டு போவாள், வந்து இறக்க மாட்டாள், மறுநாள் நான் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாமல் தொங்கும், அலென் கீயைத் தேடியெடுத்து நானே சீட்டை இறக்க வேண்டும். அதற்காகத்தான் சீட்டுக் கம்பத்தில் என் உயரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். டேப் சட்டத்தின் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது என் சைக்கிள், மேலே ஏறி நின்றால் அவள் ஓட்டியிருக்கிறாள். உயரமானவர்கள் உலகத்தைத் தங்கள் உயரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்று திட்டுவேன். “குள்ளமானவங்க அலென் கீயோட அலையறவங்க” என்பாள். அந்தச் சைக்கிள் போய்ப் புதுசு வந்த பிறகும் டேப்பை விடவில்லை, இதிலும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன், உயர்த்துவதற்குத்தான் யாரும் இல்லை.

அவள் வந்த பிறகு யாராவது ஒருவர் இந்தப் பயணத்தை ரத்து செய்திருக்க வேண்டும். அவன் கூப்பிட்டுச் சொல்வான் என்று நான் காத்திருந்தேன், நான் சொல்வேன் என்று அவன் காத்திருந்திருப்பான். ஒரு நாள் செல்போனில் செய்தி வந்தது, மாமா மழைச்சட்டை வாங்கியாச்சா என்று. ஒரு பெண் வீட்டைவிட்டு வந்திருக்கிறாள், இவன் மழைச்சட்டை கேட்கிறான். வாங்கியாச்சு என்று பதில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாங்கினேன். அடுத்த வாரம் நான் கேட்டேன், மாப்ள ஸ்பேர் ட்யூப் எத்தனை என்று. அவன் அடுப்பு என்றான், நான் செயின் என்றேன், இப்படியே ஒருவரை ஒருவர் பின்வாங்கவிடாமல் துரத்திக்கொண்டு நாளைக் காலை வரைக்கும் வந்துவிட்டோம். யுத்தங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும், இரண்டு தரப்பும் மழைச்சட்டை வாங்கி. இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தஞ்சாவூரிலிருந்து சைக்கிளிலேயே வந்து இறங்கினான். கிளம்புவதற்கு முதல் நாள் எல்லாச் சாமானையும் தரையில் பரப்பி வைத்துச் சேர்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம், அதை மாற்றுவதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. வாசலில் ஷூவைக் கழற்றும்போது அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தான், அதற்கு மேல் பார்க்கவில்லை, அவ்வளவு நாசூக்கு. நாசூக்கானவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சண்டை போடுகிறவனோடு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், நாசூக்கானவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நம்மைக் கெட்டவனாக்கிவிட்டுப் போவான். கனகவல்லி வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள். எனக்கு எவர்சில்வர். மகள் அவனோடு வாழ்கிறாளா இல்லையா என்பது வேறு விஷயம், மாப்பிள்ளைக்கு வெள்ளி டம்ளர் என்பது வேறு விஷயம், இரண்டையும் கலக்கக் கனகவல்லிக்கு அவள் அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை. “சக்கர போதுமாங்க மாப்ள?” என்றாள். “போதும் அத்தை” என்றான். அந்தக் காப்பியில் சர்க்கரை கிடையாது, அவள் மறந்துவிட்டாள், எனக்கும் அதே டிகாக்‌ஷன்தானே, குடித்துப் பார்த்தேனே, கசப்பு. கசக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போதும் என்று சொல்கிறவனோடு ஒரு பெண் எப்படி வாழ்வாள், எதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பாள்.

அவன் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறான். பாரம் குறையுமாம். இந்த விளையாட்டில் எல்லோரும் செய்வதுதான், சீப்பை ஒடிப்பார்கள், சட்டையின் லேபிளைக் கத்தரிப்பார்கள், சாமானை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்து நிறுப்பார்கள், நானும் நிறுக்கிறேன், கனகவல்லி இரண்டு முறை வந்து தராசைக் கேட்டுவிட்டாள். ஆனாலும் அந்தக் குட்டை பிரஷ்ஷை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பாரம் என்று பட்டதும் ரம்பத்தை எடுக்கிற கை. அது எங்கே நிறுத்திக்கொள்ளும். வீட்டில் எதையெல்லாம் பாரம் என்று நினைத்தான். அவள் பேச்சு நீளம், சின்ன வயதிலிருந்தே, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பள்ளிக்கூடம் போகும் வழியிலிருந்து ஆரம்பிப்பாள், அதைப் பாதியில் அறுத்திருப்பானா. அவன் துணிகளை உருளையாகச் சுருட்டுகிறான். நான் மடிக்கிறேன். “மாமா, சுருட்டினா எடம் கம்மியாகும்” என்கிறான். “மடிச்சா துணி எதுன்னு தெரியும் மாப்ள” என்கிறேன். “தெரிஞ்சு என்ன மாமா, போடப்போறது நாமதான?” அதுவும் சரிதான், அதனால்தான் கோபம் வருகிறது. மாப்ள, நீங்க, வாங்க, போங்க என்று நாக்கு தானாக மரியாதையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது, உள்ளே அவன் இவன்தான். ஒருமையில் திட்ட வேண்டியவனைப் பன்மையில் கூப்பிடும் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, ஊரில் பாதிக் கொலை நடக்காமல் இருப்பது அவர்களால்தான்.

அடுப்பை நான் என் பையில் வைத்தேன், அவன் எடுத்துத் தன் பையில் வைத்தான். “உங்களுக்கு முட்டி வலி இருக்கு மாமா, கனமானதெல்லாம் நான் எடுத்துக்கறேன்.” முட்டியைப் பற்றி யார் கேட்டது. அன்பு மாதிரி நுழைந்து முட்டியில் அடிக்கிறான். மாப்பிள்ளை தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு மாமனார் வெறுங்கையோடு ஓட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், நம் பக்கத்தில் மாப்பிள்ளை கையில் காய்கறிப் பையைக்கூடக் கொடுக்க மாட்டோமே. “சும்மா இருங்க மாப்ள” என்று அடுப்பைத் திரும்ப எடுத்தேன். அவன் பம்ப்பை எடுத்துக்கொண்டான். நான் அவன் தண்ணீர்ப் பையை இழுத்துக்கொண்டேன். பாரத்தைத் தள்ளிவிடச் சண்டை போடும் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், பிடுங்கிக்கொள்ளச் சண்டை போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். ஒவ்வொரு சாமானும் தரையின் நடுவில் கொஞ்ச நேரம் யாருடையதும் இல்லாமல் கிடந்தது. கடைசியில் கூடாரம் வந்தது. “டென்ட் முழுசா நான் எடுத்துக்கறேன் மாமா.” “வேணாம். துணி உங்ககிட்ட, கம்பி என்கிட்ட.” “எதுக்கு பிரிக்கணும்?” “எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. பாரம் சமமாகும்.” “பாரத்துக்காகவா மாமா?” என்று கேட்டான். குரலில் ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டான். நெடும்பயணம் போகிற சோடிகளுக்கு இது ஒரு வழக்கம், துணி ஒருவரிடம், கம்பி ஒருவரிடம், அடுப்பு ஒருவரிடம், எரிவாயு ஒருவரிடம். வழியில் முறைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய்விட்டால் ராத்திரி இரண்டு பேருமே நனைவார்கள். “ஒருத்தர விட்டு ஒருத்தர் போகாம இருக்கறதுக்கு மாப்ள” என்றேன். சொன்ன பிறகுதான் கதவுக்குப் பின்னால் விசிறியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் துணியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, சுருட்டாமல், உட்கார்ந்திருந்தான். “இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லிருக்கலாம்” என்றான். நான் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தேன், புதுக் கம்பிகள், தூசியே இல்லை.

அவனிடம் நான் அதை எங்கே கேட்கப்போகிறேன் என்பதை முடிவு செய்து மூன்று வாரமாகிறது. வழி முழுக்க வரைபடத்தில் பார்த்தேன், கூடாரத்தில் கேட்க முடியாது, இருட்டில் முகம் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் கேட்டால் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓட்டும்போது கேட்டால் வேகமாக மிதித்து முன்னால் போய்விடுவான், எனக்கு முட்டி, எட்டிப்பிடிக்க முடியாது. ஜங்கார்தான் சரி. ஆற்றுக்கு நடுவில், நாலு பக்கமும் தண்ணீர், சைக்கிள் கயிற்றில் கட்டியிருக்கும், அக்கரை வரும்வரைக்கும் எங்கேயும் போக முடியாது. அங்கே வைத்துக் கேட்பேன். கனகவல்லியிடம் சொன்னபோது வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், “ஆத்துல தள்ளி விட்றாதீங்க” என்றாள். “கேக்கறேன்னுதான சொன்னேன்.” “உங்களுக்குக் கேக்கறதுக்கே ஒரு ஆறு வேணும், அவளுக்குச் சொல்றதுக்கு என்ன வேணுமோ” என்றாள். கேள்வியை மட்டும் நான் தினமும் எடுத்துத் துடைத்து வைக்கிறேன். என் பெண் ஏன் உன்னை விட்டு வந்தாள். எளிதாகத்தான் இருக்கிறது. நூலகத்தில் எத்தனை பேர் எத்தனை சிக்கலாகக் கேட்பார்கள், பச்சை அட்டை போட்ட புத்தகம் சார், பேரு தெரியாது, போன வருஷம் ஜன்னல் ஓரமா இருந்துச்சு என்பார்கள், எடுத்துக்கொடுத்திருக்கிறேன். இது ஒரு வரிக் கேள்வி. இதற்கு ஆறு வேண்டியிருக்கிறது.

அவனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது, எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன், தராசை வைக்கத்தான் போனேன். மேடையில் இஞ்சி இடிக்கிற சின்னக் கல்லுரலும் அதன் குழவியும் இருந்தன. குழவி கைக்கு அடக்கமாக, வழவழவென்று, குளிர்ந்திருந்தது. எடுக்கும்போது ஒரு யோசனையும் இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறைய யோசனை இருந்தது, எல்லாம் தெளிவாகவே இருந்தது. பிரஷ்ஷை அறுத்துக் குறைத்த பாரம் எவ்வளவு, இந்தக் கல் எவ்வளவு, தராசு பக்கத்திலேயே இருந்தது, நிறுக்கவில்லை, அந்த அளவுக்கு நான் கொடியவன் இல்லை. கூடத்துக்கு வந்து அவனுடைய வாத்துப் பையைத் திறந்து, அவன் அழகாகச் சுருட்டி வைத்திருந்த தூங்கும் பையின் நடுக்குழிக்குள் குழவியைச் செருகி, மறுபடி சுருட்டி, வாரைப் போட்டேன். யாரும் கேட்காதது அடித்தட்டில். பாலக்காட்டுக் கணவாயில் எதிர்க்காற்று அடிக்கும். மூச்சு வாங்கும். ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவான், கொங்கணத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுவான். இந்த வீட்டில் நான்கு மாதமாக நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம், எது கனக்கிறது என்று தெரியாமல். அவன் திரும்பி வந்து பையைத் தூக்கிப் பார்த்தான், புருவம் சுருங்கியது. என்னைப் பார்த்தான். நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் கனமாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே வைத்தான், திறந்து பார்க்கவில்லை. கசக்கும் காப்பியைப் போதும் என்றவன்தானே. திறந்து பார்த்திருந்தால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கும், ஏன் மாமா இப்படி என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் கத்தித் தீர்த்திருக்கலாம், ஆறும் வேண்டியதில்லை, ஜங்காரும் வேண்டியதில்லை.

“மழ வர்றாப்ல இருக்கு, மாடில துணி கெடக்கு” என்று கனகவல்லி உள்ளேயிருந்து சொன்னாள். கம்பிகளை அலமாரிமேல் வைத்துவிட்டு நான்தான் போனேன். படி ஏறும்போது வலது முட்டி ஒவ்வொரு படியிலும் தன் கருத்தைச் சொன்னது. மாடியில் காற்று ஈரமாக இருக்கிறது, உறையூர்ப் பக்கம் வானம் ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி கறுத்துக் கிடக்கிறது, கொடியில் என்னுடைய சைக்கிள் சட்டைகள் இரண்டும் கையை விரித்துக்கொண்டு ஆடுகின்றன. பயம் என்று ஒன்று இருக்கிறதென்றால் இங்கே, கீழே யாரும் பார்க்காத இடத்தில், அதை ஒத்துக்கொள்ளலாம். அவன் ஜங்காரில் என்ன சொல்வான். அடித்தேன் என்று சொன்னால் தண்ணீரில் தள்ளிவிடுவேன், அது சுலபம், அதற்கு நான் தயார். வேறு ஒருத்தி என்று சொன்னாலும் தயார், முகத்தில் துப்பிவிட்டு அடுத்த கரையிலிருந்து ரயில் ஏறிவிடுவேன். ஒன்றும் இல்லை மாமா என்று சொன்னால் என்ன செய்வேன். சண்டையே வரல மாமா, பேச்சு குறைஞ்சுட்டே வந்துச்சு, ஒரு நாள் அவ தலகாணிய எடுத்துக்கிட்டா, அவ்வளவுதான், என்று சொன்னால். அந்த பதிலை எந்தத் தட்டில் வைப்பது. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து கனகவல்லியிடம் எப்படிக் கொடுப்பது. அதைவிட மோசமாக ஒன்று இருக்கிறது. அவன் பதில் சொல்லாமல் அழுதுவிட்டால். கூடாரத்துக்குள், ஒரு கை தூரத்தில், ராத்திரி, முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதால், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தூங்குகிற மாதிரி நடிக்க வேண்டும், இரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டவன் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. நடிக்க முடியாமல் நான் கையை நீட்டி அவன் முதுகில் வைத்துவிட்டால். என் பெண் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள், நான் அவனைத் தட்டிக்கொடுத்தால். எனக்கு அவனைப் பிடிக்கும். இதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிற முள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லணை வரைக்கும் அவனோடு ஓட்டிய காலை நேரங்கள் மாதிரி எனக்கு வேறு காலை நேரம் இருந்ததில்லை, அவன் முன்னால் போய்க் காற்றைத் தடுப்பான், நான் அவன் சக்கரத்தை ஒட்டி வருவேன், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். பேசாத மனிதனோடு ஓட்டுவது சுகம். பேசாத மனிதனோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய இடத்தில் இருந்தவள் அவள்.

கீழே வாசல் பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம். உலோகத்தில் உலோகம் உரசும் சத்தம். என் சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறான் போல, கேட்காமல் தொடுகிறான், நாசூக்கானவர்கள் கேட்காமல்தான் தொடுவார்கள். முதல் துளி சட்டைமேல் விழுகிறது, கிளிப்புகளைப் பிடுங்கித் துணிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குகிறேன். முட்டி இறங்கும்போது இன்னும் மோசம். நாளைக்கு இதை வைத்துக்கொண்டு, போகட்டும், பாலக்காடு வரைக்குமாவது. கூடத்தில் பைகள் இல்லை. சோபாமேல் என் மாற்றுத்துணி மடிப்புக் கலையாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அதன்மேல் என் கண்ணாடிக் கூடு, முட்டிக்குத் தடவும் தைலம். என்னுடையவை மட்டும். எதன் பக்கத்தில் எதை வைக்க வேண்டும் என்று தெரிந்த கை வைத்திருக்கிறது, நான் பழக்கிய கை. அறைக் கதவு திறந்திருக்கிறது. விசிறி நின்றிருக்கிறது. வாசலுக்கு வருகிறேன். போர்ட்டிகோவில் லோகேந்திரன் என் சைக்கிளைக் கைப்பிடியைப் பற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான், நப்பின்னை குனிந்து பையின் வாரை இழுத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் சைக்கிள். நான் அவர்கள் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன், முதலில் பார்த்தது டேப்பை. சட்டத்தின் வாயிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது.

துணிக்குவியலை அணைத்துக்கொண்டு நிற்கிறேன், வண்ணான் வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி. “எங்க வரைக்கும்?” என்று கேட்கிறேன். “நாளைக்கு கரூர்ல டிபன். அப்புறம் தெரியலப்பா” என்கிறாள், நிமிராமல். “லீவு?” “போட்டாச்சு, வியாழக்கிழமையே.” “உங்கம்மாவுக்கு?” “தெரியும்.” லோகேந்திரன் தொண்டையைச் செருமுகிறான். “மாமா, எனக்கே இப்பதான் தெரியும். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா…” அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை, தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி எண்ணைச் சரிபார்க்கிற பையன் மாதிரி இருக்கிறான். “சீட்டு க்ளாம்ப ரொம்ப முறுக்காதீங்க மாப்ள, மரை போயிடும்” என்கிறேன். நப்பின்னை இப்போது நிமிர்கிறாள். “நீங்க அவன்கிட்ட கேக்கறதுக்கு ஒரு கேள்விய ஜங்கார் வர்ற வரைக்கும் வெச்சிருந்தீங்களாமே, அம்மா சொன்னா.” வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். “நீங்க கேட்டா உங்களுக்குத்தான்ப்பா பதில் சொல்லுவான். மாமா, மாமான்னு அழகா சொல்லுவான். எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அத நானே கேட்டுக்கறேன்.” “பதில் வரலைன்னா?” “ஜங்கார்ல திரும்பி வந்துடுவேன். ரெண்டு பக்கமும்தான போகும்.” அவன் கைப்பிடியை விடாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இரண்டு வருஷமாக வரைபடம் வரைந்தவன் நான், முட்டிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கல்லணை வரை பழகியவன் நான், என் பயணம் என் கண் முன்னால் இரண்டு விரற்கடை உயர்ந்து வேறு ஒருத்தியுடையதாகிவிட்டது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்ட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். “கம்பி எங்கப்பா?” என்கிறாள். “அலமாரிமேல.” “துணி அவன்கிட்ட இருக்கு. கம்பிய நான் எடுத்துக்கறேன்.” உள்ளே போய் நானே எடுத்து வந்து கொடுக்கிறேன். வாங்கித் தன் பையில் செருகிக்கொள்கிறாள், துடைத்த கம்பிகள், பளபளவென்று.

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. அவன் தன் சைக்கிளை உள்ளே தள்ளி நிறுத்தப் பின்பக்கத்தைத் தூக்குகிறான், தூக்கும்போது லேசாகத் தடுமாறுகிறான். “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கனக்குது?” என்கிறான். “உனக்கு எப்பவுமே அப்படித்தான்” என்கிறாள் அவள், சிரிக்கவில்லை, ஆனால் நான்கு மாதத்தில் அவள் அவனிடம் சொல்லி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. அவன் அதற்கு ஏதோ பதில் சொல்கிறான், மழையில் எனக்குக் கேட்கவில்லை, எனக்காகச் சொன்னதும் இல்லை. சொல்லிவிடலாமா. தூங்கும் பைக்குள் கையை விடுங்க மாப்ள என்று ஒரு வரி. சமையலறையிலிருந்து கனகவல்லி குரல் வருகிறது. “ஏங்க, இஞ்சி இடிக்கற குழவிய எங்கயாவது பாத்தீங்களா? எல்லாருக்கும் டீ போடலாம்னு பாத்தா காணோம்.” மூன்று பேரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, பார்ப்பது இரண்டு பேர்தான். ஈரத்துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறேன். “பாக்கலயே” என்கிறேன், “வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.” சுமக்கட்டும்.